எருது விடும் தெரு

சல்லிக்கட்டு என்றதும் பெரும்பாலான தமிழ் வாசகர்களின் மனத்தில் எழும் காட்சி ஒன்றுதான். அலங்காநல்லூரின் வாடிவாசல், அதன் இருபுறமும் காத்து நிற்கும் இளைஞர்கள், சீறி வெளிவரும் காளையின் திமிலைப் பற்றித் தொங்கும் ஒருவன். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் வெளிவந்ததிலிருந்து அந்தக் காட்சி நம் இலக்கியத்திலும் நிலைபெற்றுவிட்டது. ஆனால் வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டி நீளும் தோல் தொழில் நிலத்தில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது தொலைக்காட்சி வழியாக வந்து சேர்ந்த காட்சி. எங்கள் பக்கம் காளையை யாரும் அணைவதில்லை. விடுவார்கள், அது ஓடும். விழாவின் பெயரே எருது விடும் விழா. பேச்சு வழக்கில் 'மாடு விடறது'.

வெளியூர் நண்பர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பொங்கலில் தொடங்கி மாசி, பங்குனி வரை ஒவ்வொரு கிராமமும் தனக்கென ஒரு நாளை வைத்திருக்கும். ஊரின் நீண்ட தெரு ஒன்றோ, ஊரையொட்டிய மண் சாலையோ களமாகும். ஒரு முனையிலிருந்து காளையை அவிழ்த்து விடுகிறார்கள். மறுமுனையில் ஒரு கோடு. குறித்த தொலைவை எந்தக் காளை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்கு முதல் பரிசு. மதுரைப் பக்கம் காளையை யார் அடக்கினார் என்று கேட்பார்கள். இங்கே எத்தனை நொடி என்று கேட்பார்கள். நொடியின் பின்னங்கள் வரை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். காளைகளுக்குப் பெயர் உண்டு, புகழ் உண்டு, வழியெங்கும் பதாகை உண்டு. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளிலும் டேனரிகளிலும் வாரமெல்லாம் வேலை பார்ப்பவர்கள் அடுத்த ஊரில் எந்தக் காளை என்ன நேரம் எடுத்தது என்பதைக் கிரிக்கெட் ஆட்டக்கணக்கைப் போல நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்தச் சித்திரத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. தெரு வெறுமையாக இருப்பதில்லை. காளை ஓடும் வழியின் இருபுறமும் மனிதர்கள்தாம் சுவர். நூற்றுக்கணக்கானோர் வழிக்குள்ளேயே நிற்கிறார்கள். காளை நெருங்க நெருங்க அந்தச் சுவர் பிளந்து கொடுக்கிறது. அது கடந்த உடனே மீண்டும் மூடிக்கொள்கிறது. ஓடும் காளையின் முதுகில் ஒரு தட்டு தட்டுவது இளைஞர்களுக்குப் பெருமை. இந்த ஆரவாரமும் நெருக்கமும்தான் காளையை விரட்டுகின்றன என்றும், ஆளில்லாத தெருவில் விட்டால் அது நின்று புல் மேயும் என்றும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

சிறுவனாக ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று பார்த்த ஒரு ஓட்டம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஊரின் பெயர் வேண்டாம். நல்ல வேகத்தில் வந்த காளையின் எதிரே ஓர் இளைஞன் கைத்துண்டை வீசியபடி இரண்டடி உள்ளே வந்தான். காளை அவனை ஒன்றும் செய்யவில்லை. அவனைத் தவிர்ப்பதற்காகத் தலையை ஒருபக்கம் திருப்பியது. திரும்பிய பக்கத்தில், சுவரோரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு முதியவர் நின்றிருந்தார். மோதல் எப்படி நடந்தது என்பதை நான் சரியாகப் பார்க்கவில்லை. அவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போனதைத்தான் பார்த்தேன். அவர் பிழைத்தார், இடுப்பு பிழைக்கவில்லை. அன்று மாலை டீக்கடையில் ஊரே கூடி வழக்குப் பேசியது. உள்ளே வந்த பையன் மேல் தவறு என்றார் ஒருவர். வயதானவருக்கு அங்கே என்ன வேலை என்றார் இன்னொருவர். மாட்டுக்காரர்தான் வைத்தியச் செலவு தர வேண்டும் என்று ஒரு சாரார். மாட்டின் சொந்தக்காரர் கடைசியில் சொன்னார்: "மாடு தப்பு பண்ணலீங்க. வழி உட்டிருந்தா அது பாட்டுக்குப் போயிருக்கும்."

அந்த வழி யாருடையது என்பதே கேள்வி. ஓடும் காளையுடையதா, அதை மறித்து நிற்பவனுடையதா, சும்மா நின்று பார்ப்பவருடையதா? தமிழகத்தில் காளை விளையாட்டுகளைச் சுற்றி நடந்த பெரும் சட்டப் போராட்டத்தில் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்பது என் எண்ணம்.

அந்தப் போராட்டத்தின் கதை பலரும் அறிந்தது. 2006இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. 2007இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2009இல் தமிழ்நாடு அரசு சல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றோடு காளையையும் சேர்த்தது. 2014 மே 7 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு நாகராஜா வழக்கில் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா. அதைத் தொடர்ந்து அவசரச் சட்டம், சட்டத் திருத்தம், நடத்தும் விதிகள். 2023 மே 18 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

இந்த ஆவணங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. 2014 தீர்ப்பு கொடுமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்ட விலங்கு நல வாரியத்தின் நேரடி அறிக்கைகள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மதுரை வட்டாரத்து ஊர்களிலிருந்து வந்தவை. 2017ஆம் ஆண்டின் விதிகளும் அந்த ஊர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. மாடுபிடி வீரர் காளையின் திமிலை மட்டுமே தழுவலாம், பதினைந்து மீட்டர் அல்லது மூன்று துள்ளல் வரை, கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது, வாடிவாசலை மறிக்கக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் திமிலை யாருமே தழுவாத ஒரு விழாவுக்கு இவற்றால் என்ன பயன்? சட்டத்தின் விளக்கப் பிரிவில் சல்லிக்கட்டு என்பது மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்று ஒரு வரி இருக்கிறது. வடமாவட்டங்களின் விழா முழுவதும் அந்த ஒரு வரிக்குள் ஒரு சொல்லாக நுழைந்து உட்கார்ந்துகொண்டது. 1868இல் மதுரை நாட்டைப் பற்றி எழுதிய நெல்சன் முதல் நம் காலத்து நீதிபதிகள் வரை காளை என்றால் மதுரைதான்.

விளைவு என்னவென்றால், சட்டத்தின் கண்ணுக்கு மனிதர்கள் இரண்டே வகை: மாடுபிடி வீரர், பார்வையாளர். முன்னவருக்கு மருத்துவச் சோதனையும் சீருடையும் உண்டு. பின்னவருக்குத் தடுப்புக்கு வெளியே இடம் உண்டு. எருது விடும் தெருவில் வழிக்குள் நிற்கிறானே அந்த இளைஞன், அவன் இரண்டிலும் அடங்கமாட்டான். அவன் மாடு பிடிப்பதில்லை; வெறுமனே பார்ப்பதுமில்லை. அவன் இல்லாமல் விழா இல்லை. சட்டப்படி அவன் அங்கே இருக்கவே கூடாது.

இதே சிக்கலை முற்றிலும் வேறொரு விளையாட்டு எப்படி எதிர்கொண்டது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது. அமெரிக்கர்களின் பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாதது. இந்த இடத்தில் தேவைப்படும் அளவுக்கு அதை விளக்குவது எளிது. ஓட்டக்காரன் மூன்று தளங்களைக் கடந்து, புறப்பட்ட இடமான கடைசித் தளத்தைத் தொட்டால் ஓர் ஓட்டம். அவன் தொடுவதற்குள் பந்தால் அவனைத் தொட்டு ஆட்டமிழக்கச் செய்ய, கேட்சர் எனப்படும் பிடிப்பாளர் கவசம் அணிந்து அங்கே காத்திருப்பார். ஓடிவருபவனுக்கும் நிற்பவனுக்கும் தேவை ஒரே இடம். நூறாண்டுக்கு மேலாக இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டிருந்த தீர்வு நேரடியான மோதல்தான். ஓட்டக்காரன் தோளைக் குனிந்து பிடிப்பாளர் மேல் பாய்வான். பந்து கையிலிருந்து சிதறினால் ஓட்டம் கிடைக்கும்.

1970 ஜூலை 14 அன்று நட்சத்திர ஆட்டத்தின் பன்னிரண்டாம் சுற்றில் பீட் ரோஸ் அப்படி ரே ஃபாஸி மீது பாய்ந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். ஃபாஸிக்குத் தோளில் அடி. அதன் பிறகு அவருடைய ஆட்டம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அது வெறும் காட்சி ஆட்டம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மோதல் வீரத்தின் சான்றாகவே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. 2011 மே 25 அன்று, விந்தையாக அதுவும் பன்னிரண்டாம் சுற்று, சான் பிரான்சிஸ்கோ அணியின் இளம் பிடிப்பாளர் பஸ்டர் போஸி மீது ஃபுளோரிடா அணியின் ஸ்காட் கசின்ஸ் மோதினார். போஸிக்குக் கால் எலும்பு முறிந்தது, கணுக்காலின் தசைநார்கள் கிழிந்தன, அந்தப் பருவமே போயிற்று. கசின்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அன்றைய விதிப்படி அவர் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை.

2014 பிப்ரவரி 24 அன்று புதிய விதி வந்தது. ஓட்டக்காரன் மோதுவதற்காகத் தன் நேர்வழியிலிருந்து விலகக் கூடாது. பந்து கையில் இல்லாத பிடிப்பாளர் ஓட்டக்காரனின் வழியை மறிக்கக் கூடாது. அவ்வளவுதான். மோதலைத் தடை செய்கிறோம் என்று அறிவிக்காமல், வழி எந்தக் கணத்தில் யாருக்கு உரியது என்பதை மட்டும் அந்த விதி வரையறுத்தது. பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆட்டம் மென்மையாகிவிட்டது, ஆண்மை போய்விட்டது என்ற பேச்செல்லாம் அங்கேயும் உண்டு. முதல் பருவத்தில் நடுவர்களுக்கே விதி விளங்காமல் குழப்பங்கள் நேர்ந்தன. எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. பந்து இல்லாதவன் வழியை மறிக்கக் கூடாது என்ற விதி பேஸ்பாலில் முன்பே இருந்தது. கடைசித் தளத்தில் மட்டும் அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. அங்கே வழக்கம் விதியை விழுங்கிவிட்டிருந்தது.

எங்கள் தெருவிலும் அதேதான் நடந்தது. 2009 சட்டமே இரட்டைத் தடுப்பு வேண்டும் என்றது. தடுப்பு கட்டப்படுகிறது, சவுக்குக் கழிகள் வரிசையாக நடப்படுகின்றன, அதிகாரிகள் பார்வையிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். காளைகள் வரத் தொடங்கிய அரை மணி நேரத்தில் தடுப்பின் உள்பக்கம் ஆட்கள் நிரம்பிவிடுகிறார்கள். தடுப்பு இப்போது காப்பதற்கு மாறாகச் சிக்கவைக்கிறது. முன்பெல்லாம் காளை திரும்பினால் பின்னால் இருக்கும் சந்திலோ திண்ணையிலோ ஒதுங்கலாம். கழிகளுக்கும் கொம்புக்கும் நடுவே நிற்பவனுக்கு ஒதுங்க இடமில்லை. விதி இல்லாததைவிட, பாதி மட்டும் பின்பற்றப்படும் விதி ஆபத்தானது என்று இதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாவட்ட நிர்வாகங்கள் தங்களால் ஆனவரை நிபந்தனைகளை ஒட்டுப்போட்டு வந்திருக்கின்றன. ஒரு காளையை ஒரு முறைதான் விட வேண்டும், பிற்பகல் 2 மணிக்குள் முடிக்க வேண்டும், காப்பீடு வேண்டும் என்றெல்லாம். ஒரே காளையை இரண்டு மூன்று சுற்று விடுவது பழைய வழக்கம் என்பதால் முதல் நிபந்தனை மாட்டுக்காரர்களுக்குக் கசப்பு. மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமானது. ஆனால் இவை எதுவும் வழிக்குள் நிற்பவனைப் பற்றிப் பேசுவதில்லை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன பிறகு, பக்கத்துப் பக்கத்து ஊர்களின் விழாக்கள் வெவ்வேறு அலுவலகங்களின் மேசைக்குப் போகின்றன.

அனுமதி என்பதே எவ்வளவு வெடிமருந்தாக மாறும் என்பதை, இதே வகை விழா நடக்கும் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் 2023 பிப்ரவரி 2 அன்று கண்டோம். சூளகிரிப் பக்கம் கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதாகக் கூறி மக்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். பல மணி நேரம் வண்டிகள் நின்றன. கல்வீச்சு, தடியடி. காளைக்காகத் திறக்க வேண்டிய வழிக்குப் பதிலாக ஊருக்கெல்லாம் பொதுவான வழி அன்று மூடிக் கிடந்தது.

இந்த நிலத்துக்கும் வழியை மறிப்பவனுக்கும் உள்ள உறவு பழையது. ஆம்பூரில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, நிருபதுங்க பல்லவன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஊரின் மாட்டு மந்தையைக் கவர வந்த படையை எதிர்த்து இறந்த வீரர்களுக்கு எடுத்தவை. சற்றுத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் ஏராளம். மந்தையின் வழியில் நின்று செத்தவனை இந்த நிலம் கல்லில் நிறுத்தி வழிபட்டிருக்கிறது. கலித்தொகையின் முல்லைக்கலி பாடும் ஏறு தழுவுதலும் கொம்பில் குடல் சரிந்தவர்களை மறைக்காமல் காட்டுவது. அதைப் பெருமைப் பாட்டாக மட்டும் மேடையில் முழங்குபவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

ஆனால் நடுகல் வீரனையும் கைத்துண்டு வீசிய இளைஞனையும் ஒரே வரிசையில் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்னவன் காக்க நின்றான். தன் இடத்தில் தான் செத்தான். பின்னவன் இரண்டடி உள்ளே வந்தான், அடி வேறொருவருக்கு விழுந்தது. பேஸ்பாலில் மோதிக்கொண்ட இருவரும் ஆட்டக்காரர்கள், சம்பளக்காரர்கள். எங்கள் தெருவில் அடிபட்ட முதியவர் எதற்கும் சம்மதம் தெரிவித்தவரல்லர். பண்பாடு, விலங்கு நலம் என்ற இரு பெரும் சொற்கள் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டபோது இவர் எந்தத் தரப்பின் மனுவிலும் இடம்பெறவில்லை.

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். இதே பாலாற்றுப் படுகை 1996 ஆகஸ்டில் இந்தியச் சட்ட வரலாற்றில் இடம்பிடித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், டேனரிகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் பாழாக்கியது குறித்து நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. தீங்கு முழுமையாக நிரூபிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அழுத்தமாக நிலைநாட்டியது எங்கள் ஊர் வழக்குதான். அந்தக் கொள்கை தோல் ஆலையின் வாசல்வரை வந்தது. எருது விடும் தெருவுக்குள் நுழையவில்லை.

விழாவை நிறுத்த வேண்டும் என்று நான் கருதவில்லை. 2014க்கும் 2017க்கும் இடைப்பட்ட தை மாதங்களில் ஊர் எப்படி வெறிச்சோடியிருந்தது என்பதைப் பார்த்தவன் நான். காளை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பிள்ளையைப் போல வைத்திருப்பவர்கள். வழிக்குள் நிற்பவனைச் சட்டம் முதலில் பெயர் சொல்லி அழைக்கட்டும். எண்ணிக்கை வரையறுத்து, பதிவு செய்து, உள்ளே நிற்க உரிமையுள்ளவர் என்று சிலரை ஏற்கலாம். ஓடும் காளையின் முன்னே அடியெடுத்து வைப்பவருக்கு அந்த உரிமை போய்விடும் என்று எழுதலாம். தடுப்புக்கு உள்பக்கம் ஒதுங்கும் இடைவெளிகளை விட்டுக் கட்டலாம். காளை கோட்டைத் தாண்டிய பிறகு வேகம் தணியும்வரை ஆளற்ற நீண்ட வெளியும் வேண்டும். மோதல்களில் ஒரு பகுதி கோட்டுக்கு அப்பால்தான் நடக்கிறது. அலங்காநல்லூருக்கு எழுதிய விதிப்புத்தகத்தில் இவற்றுக்கு இடமில்லை. தனியாக எழுத வேண்டும்.

டேனரியில் தோல் ரகம் பிரிப்பவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு தோலை விளக்கின் கீழ் விரித்துக் காட்டினார். உண்ணி கடித்த புள்ளிகள், சூடுபோட்ட தழும்பு, கொம்பு கிழித்து ஆறிய நீண்ட கோடு. அந்தக் கோடு ஒன்றே ரகத்தை இரண்டு படி இறக்கிவிடும் என்றார். அவரும் காளை வைத்திருப்பவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய காளையைப் பார்க்கப் போனேன். புதிய சவுக்குக் கழிகளின் மேல் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கால்கள் எல்லாம் உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. தூரத்தில் காளையை அவிழ்க்கும் சத்தம் கேட்டதும் முதலில் இருவர் குதித்தார்கள், பிறகு எல்லோரும்.